அண்ணி அடுக்கி வைத்த பன்னிரண்டு படங்கள்

இன்று காலை பட்டுப்புழு மனையில், என் மூன்று புதிய விலங்குகளை அண்ணி ஒரே நிமிடத்தில் காலி செய்துவிட்டார்!

(பதற வேண்டாம். அவை செத்து எப்படியும் ஐம்பத்தைந்து கோடி வருடம் இருக்கும்.)

புதிதாக வந்தவர்களுக்கு: நான் புதைபடிவங்களில் ஆராய்ச்சி செய்கிறேன். எலும்போ ஓடோ வருவதற்கு முன்பு கடலில் வாழ்ந்த, மெத்தென்ற உடல் மட்டுமே கொண்ட உயிர்கள். அவை செத்து மணலில் அழுந்தி, மணல் கல்லாகி, கல்லில் மிஞ்சிய தடங்கள்தான் என் வேலை.

தடம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். மிளகு அளவு முதல் மொச்சை அளவு வரைதான். அதிலும் பாதி தேய்ந்தவை.

பார்க்கிறவர்கள் "கல்லுல ஏதோ கற" என்பார்கள். (முதல் ஆறு மாதம் நானே அப்படித்தான் நினைத்தேன்.)

கல் வடக்கே ஒரு பாலைவனத்தில் எடுத்தது. எங்கள் பென்னாகரம் பக்கத்துப் பாறைகள் அதைவிடப் பல மடங்கு பழையவை, பூமிக்குள் வெந்து உருமாறியவை. அவற்றில் இந்தத் தடங்கள் இருக்காது. இதை ஊரில் சொன்னால் "நம்மூரு கல்லுக்கு என்னா கொறச்சல்?" என்று கோபித்துக்கொள்கிறார்கள்!

இரண்டு வருடம் உற்றுப் பார்த்து, தடங்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தேன். குறுக்குக் கோடுகள் உள்ள நீள்வட்டம். கோடில்லாமல் நடுவில் ஒரு மேடு மட்டும் உள்ளது. மேடும் இல்லாத வெறும் வட்டம்.

மூன்று புதிய விலங்குகள்! என் கைடும் ஒப்புக்கொண்டார். கட்டுரையை முடித்து இந்த வாரம் அனுப்பத்தான் ஊருக்கே வந்தேன்.

இன்று காலை அண்ணிக்கு உதவலாம் என்று மனைக்குள் போனேன். என் அண்ணனின் மனைவி. புழு வளர்ப்பு முழுக்க அவர் பொறுப்பு.

ஒரு மூலையில் நோய் விழுந்து சில புழுக்கள் செத்திருந்தன. அடியில் விரித்த காகிதத்தில் நசுங்கிக் கிடந்தவற்றை அண்ணி பொறுக்கிக்கொண்டே பேசினார்.

"இது நேத்து செத்தது. இது முந்தாநேத்து. இது அதுக்கும் முன்னாடி, நான் கவனிக்காம வுட்டுட்டேன்."

"எப்புடிங்க அண்ணி கண்டுபுடிக்கறீங்க?"

"பாத்தாலே தெரியுதில்ல? மொதல்ல கோடு கோடா இருக்கும். அப்புறம் கோடு அழிஞ்சு நடுவுல கொடலு மட்டும் தெரியும். அதுவும் போச்சுன்னா வெறும் கறதான்."

அந்தக் காகிதத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன்.

கோடு. நடுவில் மேடு. வெறும் வட்டம்!

வீட்டுக்கு ஓடிப்போய், பிரிண்ட் போட்டு வைத்திருந்த பன்னிரண்டு புதைபடிவப் படங்களை எடுத்து வந்தேன். என்ன, ஏது என்று எதுவும் சொல்லவில்லை.

"இத அடுக்குங்க அண்ணி."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காலித் தட்டில் படங்களை வரிசையாகப் பரப்பினார். இரண்டை மட்டும் இடம் மாற்றினார்.

"இந்தா. எல்லாம் ஒரே புழுதான், செத்த நாளுதான் வேற வேற. நம்ம புழு மாதிரி இல்லியே, குட்டையா இருக்குது. எந்தூருது?"

"அப்புறம் சொல்றேங்க அண்ணி."

ஆனால் அண்ணி சொன்னார் என்பதற்காக அறிவியல் ஒப்புக்கொள்ளாதே! அவர் சொல்வது சரியென்றால், வெறும் வட்டத்திலும் எங்காவது கோட்டின் மிச்சம் இருக்க வேண்டும்.

கல்லின் மேல் ரப்பர் ஊற்றி எடுத்த அச்சு என் பெட்டியில் இருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மிக லேசான மேடும் நிழல் காட்டும் என்பதால், மனையின் சன்னல்களைச் சாத்தினேன். போன் டார்ச்சை அண்ணி பிடித்தார்.

"இன்னும் கீழங்க அண்ணி. அச்சுக்கு ஒட்டுனாப்புல."

இவ்வளவு தாழ்வாக நான் இதுவரை பிடித்ததில்லை; வெளிச்சம் அச்சின் மேல் படுத்தது. நான் நூறு தடவைக்கு மேல் பார்த்த அந்த வெறும் வட்டத்தில், மூன்று கோடுகள் எழுந்து நின்றன!

அண்ணியின் கை அசைந்ததும் மறைந்தன. டார்ச்சைத் திரும்பத் தாழ்த்தியதும் வந்தன.

அளந்து பார்த்தேன். முதல் வகையில் உள்ள அதே இடைவெளி. அடுத்த வட்டத்தில் இரண்டு கோடுகள். அதற்கடுத்ததில் எவ்வளவு தேடியும் ஒன்றுமில்லை. (இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியாது.)

ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்பு ஒரு உடல் நாளுக்கு நாள் அழுகிப் போனதை, பென்னாகரம் பக்கத்தில் ஒரு புழு மனையில் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுவறியா செல்வி?"

"இல்லீங்க அண்ணி." (அழுதேன்.)

உடனே கைடுக்குப் போன் செய்தேன்.

"சார், மூணு வகை இல்லீங்க. ஒண்ணுதான். வேற வேற அளவுக்கு அழுகினது. புழு வளக்கற எங்க அண்ணிதான் கண்டுபுடிச்சாங்க."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"செத்ததும் எது மொதல்ல அழியுது, எது கடைசியா அழியுது? உங்க அண்ணிகிட்ட உக்காந்து முழுசா எழுதிக்கோம்மா. கட்டுரை மெதுவா போகட்டும்."

கட்டுரையில் நன்றி தெரிவிக்கும் பகுதியில் உங்கள் பெயர் வரும் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"போட்டோ போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"அப்ப சரி."

பிறகுதான் அந்தத் தடங்களின் வயதைச் சொன்னேன். மல்பெரி இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார்.

"அந்தப் புழு என்னா எல திங்கும்?"

"அது புழுவான்னே இன்னும் தெரியலீங்க. அப்ப எலையே கெடையாது. தரையில செடி, மரம், புல்லு எதுவுமே வரல."

"எங்க பாத்தாலும் வெறுங்கல்லா?"

"வெறுங்கல்லுதாங்க."

அண்ணி குனிந்து ஒரு கை இலையை அள்ளினார். பக்கத்துத் தட்டுகளில் புழுக்கள் இலை தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாவம்ல அது," என்றார். "யாருமே இல்லாத ஒலகத்துல வந்து பொறந்துருக்குது."

இந்த வரியை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் எங்கே சேர்ப்பது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்!