இலை ஒடித்து எடுத்த படம்

அந்தத் தேன்சிட்டுக் குஞ்சுகளைக் காக்கைக்குக் கொடுத்தது நீங்கள்தான், படம் எடுத்தவரே.

மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடிச் செம்பருத்தியில் அந்தக் கூட்டைக் காட்டியவர், சாயம் போன தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். பெயர் தெரியாது. பைனாகுலரைத் தான் பார்ப்பதற்கு முன்பே, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். உங்களிடமும் நீட்டினார்.

"எலை மறைக்குதே, கொஞ்சம் ஒடிச்சுடலாமா?" என்றீர்கள்.

"வேணா நைனா. அதான் அதுக்குக் கதவு. தொறந்து வெச்சா காக்கா பூந்துடும்."

மறுநாள் கூடு கிழிந்து தொங்கியது. பறவை பார்ப்போர் குழுவில் நீங்கள் போட்ட படத்தில், கூட்டின் முன்னால் ஓர் இலைகூட இல்லை.

அவர் உங்களைத் திட்டவில்லை. "நான் காட்டியிருக்கக் கூடாது சார்" என்றார் என்னிடம். இப்போது யாராவது பக்கத்தில் வந்தால் பைனாகுலரை உறைக்குள் வைத்துவிடுகிறார். நான் போனாலும் அப்படித்தான்.

எல்லோரும் உங்களைப் பாராட்டும் அந்தக் குழுவிலேயே, இலைகளை ஒடித்தது யார் என்று எழுதுங்கள்.