கட்டிங் மாஸ்டர் தின்ற முடிப் பொடி

திருப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தபோது, அருள்புரம் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியைத் தூக்கி வந்தார்கள். ஓயாத வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. கிட்னி திடீரென்று ஏன் படுத்தது என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை.

“என்ன சாப்பிட்டீங்க?”

“இட்லிங்க.”

“வேற?”

“சட்னிங்க.”

பக்கத்தில் நின்ற மனைவி சரசுவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். காரணம் தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. ஆளோ துவண்டுகொண்டே போனார்.

டயாலிசிஸுக்குக் கழுத்தில் கத்தீட்டர் என்ற குழாய் போட வேண்டும். சரசுவை வெளியே அனுப்பினோம். டாக்டர் கை கழுவி வருவதற்குள், நான் மாஸ்டரின் தலையை இடப்பக்கம் திருப்பினேன். தலை திரும்பியது. முடி திரும்பவில்லை.

பயந்து கையை எடுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. விக்!

“சரசுகிட்டச் சொல்லீறாதீங்க சிஸ்டர். அவளுக்குத் தெரியாதுங்க.”

“சொல்லலீங்க. என்ன சாப்பிட்டீங்க, அதச் சொல்லுங்க.”

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விற்ற முடி வளரும் பொடியாம். தினம் ஒரு சிட்டிகை போதும் என்றிருக்கிறான். மச்சினன் கல்யாணம் நெருங்கிவிட்டதால், மாஸ்டர் டப்பா முழுவதையும் தேனில் குழைத்து விழுங்கிவிட்டார்.

கம்பெனியில் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்துவரச் செய்தோம். பொடியில் பாதரச உப்பு. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும் ஊசியை டாக்டர் போட்டார். பிடித்ததை வெளியே தள்ளக் கிட்னி வேலை செய்யவில்லை. அந்த வேலையை என் டயாலிசிஸ் மெஷின் செய்தது. கூடவே ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சும் நடந்தது. சித்திரை வெயிலில் விக்குக்குப் பதில் மங்கி கேப் மாட்டிக்கொண்டு படுத்திருந்தார் மாஸ்டர்.

ஒரு நாள் காலை, “வந்துருச்சுங்க சிஸ்டர், வந்துருச்சு!” என்று கத்தினார். நான் முதலில் தலையைத்தான் பார்த்தேன். வந்தது சிறுநீர்.

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இனி அந்தத் தொப்பியக் கழட்டுங்க, வேகுது. நம்ம கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லலே?”

“நீங்க வெசனப்படுவீங்கன்னுதான்.”

மாஸ்டர் தானே தொப்பியைக் கழற்றிச் சரசுவின் கையில் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விஷம் என்று சந்தேகம் வந்தால், சொந்தக்காரர்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். உயிரே போனாலும் மானம் போகக்கூடாது என்று படுத்திருப்பவர்கள் நிறையப் பேர்.