பக்கத்து ஓட்டையில் மாட்டிய ஒயர்

கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் சோலார் போட்டுத் தந்தவர் எட்டயபுரத்து செல்வி. கடைக்கு வெள்ளையடித்த மறுநாள், இன்வெர்ட்டர் பேட்டரியோடு தொடர்பு இல்லை என்று காட்டி, விடாமல் கத்தியது. கரண்ட் போனதும் கடையே இருண்டுவிட்டது.

"பழைய பேட்டரியத் தலையில கட்டிட்டியேம்மா!" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் செல்வியிடம் போனில் கத்தினேன். அவரிடம் சோலார் போட இருந்த பக்கத்துக் கடைக்காரரும் அதைக் கேட்டார்.

செல்வி பஸ் ஏறி வந்து, இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தகவல் போகிற ஒயரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதக் கழட்டினீங்களா?"

"வெள்ளையடிக்கையில நான்தான் கழட்டி மாட்டினேன்."

"பக்கத்து ஓட்டையில மாட்டிட்டீங்க. ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு," என்று மெல்லச் சொன்னார். இன்வெர்ட்டரை நிறுத்தி, ஒயரை மாற்றி மாட்டி, மறுபடி போட்டார். விளக்கு எரிந்தது.

வெட்கத்தோடு பக்கத்துக் கடைக்கு ஓடி, "தப்பு என்மேலதான்" என்றேன்.

"சோலார் போட நான் அப்பவே வேற ஆளுக்குச் சொல்லிட்டேனே அண்ணாச்சி," என்றார் அவர்.

செல்வி காதிலும் அது விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்போது எந்த ஒயரைக் கழற்றுவதானாலும் முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். பழுது என்று யாரைக் கூப்பிட்டாலும், நான் எதைத் தொட்டேன் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.