பெரியப்பா வீட்டு மின்குமிழ்

பெரியப்பா வீட்டில் மூன்று அறைகளும் சமைக்க ஒரு குசினியும் இருந்தன, மின்குமிழ் ஒன்றுதான். சாப்பிடும்போது அது குசினியில் எரியும். சாப்பாடு முடிந்ததும் சாரத்துத் தலைப்பால் சூட்டோடு பிடித்துக் கழற்றி, கூடத்தில் கொண்டுவந்து பூட்டுவார். துறைமுகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த மனுசன் ஒற்றை வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் பகிடி. யேசு பிறந்த நத்தாருக்கு எல்லா வாசலிலும் நட்சத்திரக் கூடு தொங்கும், அவர் வாசலைத் தவிர. பெரியம்மா கேட்டால், "வானத்தில சும்மா எரியிறது காணாதோ?" என்பார்.

அவருக்கு ஒரே மகள், எனக்கு அக்கா. செலவுக்குப் பயந்து அக்காவின் கலியாணத்தை அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்த அக்கா, தனக்குப் பிடித்த மூதூர் வாத்தியாரை அங்கேயே ஒரு சின்னக் கோயிலில் கட்டிக்கொண்டாள். பெரியப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இனி வாசல் படலையைத் திறக்கக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அந்த மார்கழியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்குப் போனார். அக்கா பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். நத்தாருக்கு வரச்சொல்லி அம்மா கெஞ்ச, அவள் அழுதாள். பிறகு என் தலையைத் தடவி, "அப்பாட்டச் சொல்லு பிள்ளை, நான் வந்தால் ஒண்டும் கேட்கமாட்டன். சாப்பாடும் கட்டிக்கொண்டுதான் வருவம்" என்றாள்.

திரும்பியதும் ஓடோடிப் போய்ப் பெரியப்பாவிடம் ஒப்புவித்தேன். செலவில்லாத விருந்தாளி அவருக்குக் கசக்குமா? துள்ளிக் குதிப்பார் என்றே நினைத்தேன். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்பிடியோ சொன்னவள்?"

"ஓம் பெரியப்பா. சாப்பாடும் கொண்டு வருவாவாம்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, மகளை வரச்சொல்லி ஆளனுப்பும்படி அம்மாவிடம் சொன்னார். போன ஆள் பதில் கொண்டுவரவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் பொழுதுபட, அம்மா தந்த பலகாரத்தோடு போனேன். பெரியப்பா வாசலில் பெரிய நட்சத்திரக் கூடு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள் இரண்டு கதிரைகளில் அவரும் பெரியம்மாவும் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ளுக்கும் ஒண்டு வாங்கிப் போடுங்கோவன்."

"எங்களுக்கு வீடு தெரியும்தானே. அவள் வாற வழி தெரியவேணும்" என்றார்.

மூதூர் லோஞ்ச் வந்து சனங்கள் ஒழுங்கையால் போகத் தொடங்கினார்கள். கடைசியாக அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா கையில் சாப்பாட்டு மூட்டை. கூட்டைப் பார்த்தவள் படலையைத் தொடாமல் அப்படியே நின்றாள்.

"படலை திறந்துதான் கிடக்கு" என்று இருட்டுக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "ரெண்டுபேரும் உள்ள வாங்கோ."

பெரியம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். பெரியப்பா அந்த மூட்டையை வாங்கி, பிரிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

படுக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். அது அக்கா பிறந்து வளர்ந்த வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேர்ந்துவிடுவாள். அவளுக்கு எதற்கு வெளிச்சம்? அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் கேட்டதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை.