பொருட்காட்சிக்குத் தூக்கிப் போன குச்சு

பயம் என் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தால், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே காய்ச்சல் கண்டுவிடும். மூன்றாவது தடவை அப்படிப் படுத்தபோது என்னைப் பெற்ற அய்யா, "போதும்டா ஒன் படிப்பு, மாட்டப் பத்திக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அஞ்சாம் வகுப்போடு சரி. கையெழுத்து மட்டும் நன்றாக வரும். தப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதியதால் வந்த அழகு அது.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் தசராப் பொருட்காட்சியில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்னால். அப்போது எங்கள் ஊர் சமஸ்தானம். திருக்கோகர்ணத்துப் பக்கம் ஒரு பொட்டலில் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் அது இன்னது என்று அட்டையில் எழுதி மாட்டுவது என் வேலை. காட்சியை நடத்த வெளியூரிலிருந்து கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் வந்திருந்தார். ஆபீஸர் என்போம். கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழி அவர் மேல் போய்விடும்.

வலையும் கண்ணியும் வைத்து முயல், கவுதாரி பிடித்துப் பிழைக்கிற சனங்கள் காட்டு ஓரங்களில் இருந்தார்கள். இந்தச் சீமைக்கு முந்தின குடி அவர்கள்தான், அவர்களுடைய குடியிருப்பை அப்படியே பொட்டலில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்பது ஆபீஸருடைய ஆசை. கூலியாட்கள் மூன்று குடிசை கட்டினார்கள். வைக்கோலில் ஓர் ஆள் செய்து, கையில் வலையைக் கொடுத்து நிறுத்தினார்கள். ஆபீஸர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பொய்யாக இருக்கிறது. ஒன்றாவது நிஜமாக வேண்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இந்தப் பக்கத்துக்காரன்தானே? நாளைக் காலையில் என்னோடு வா" என்றார்.

விடிந்ததும் ஆபீஸர் ஒரு வில்வண்டியில் முன்னால் போக, நான் ஒரு கட்டைவண்டியில் நாலு கூலியாட்களோடு பின்னால் போனேன். ஏழெட்டுக் குடிசைகள் இருந்த ஒரு குடியிருப்பு. நாங்கள் போனபோது பெண்கள் ஒருவரும் இல்லை. நாலைந்து ஆண்கள் எழுந்து நின்றார்கள். குடிசைகள் எல்லாம் மழைக்கு நைந்து சரிந்து கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தள்ளி, புளியமரத்துக்குப் பக்கத்தில், சின்னதாகப் பச்சென்று நின்றது. நாலு கால், பச்சை ஓலை, சுற்றிலும் வேப்பந்தழை.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது குச்சு. பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து கட்டுவது. எட்டு நாள் அவள் அதற்குள்ளேயே இருப்பாள். ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டு அழைத்து வருவார்கள், தாய்மாமன் குச்சுக்குத் தீ வைப்பான், அது எரிந்த பிறகுதான் பெண் வீட்டுப் படி ஏறலாம். எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். என் தங்கச்சிக்குக் கட்டிய குச்சு எரிந்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். பெண்கள் ஏன் ஒருவரும் இல்லை என்பதும் புரிந்தது. ஒன்பதாம் நாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருணிக்குப் போயிருக்கிறார்கள்.

"ஆகா, இது பிரமாதம். அப்படியே தூக்கி வண்டியில் வையுங்கள்" என்றார் ஆபீஸர். பதிலுக்கு என்று ஒரு ஜோடி புது வேட்டியை எடுத்து நீட்டினார்.

அங்கே நின்றவர்களில் மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர்தான் அந்தப் பெண்ணின் தகப்பனார். என் அய்யாவைவிட மூத்தவராக இருப்பார். அன்றைக்கு நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன்.

"அது மட்டும் வேணாங்க எசமான். வேற எதுன்னாலும் எடுத்துக்கிடுங்க."

"ஏன்? அதில் என்ன இருக்கிறது?"

வீட்டுப் பெண்ணின் சங்கதியை முன்பின் தெரியாத ஆம்பளையிடம் எந்தத் தகப்பன் சொல்லுவான்? தலையைக் குனிந்துகொண்டவர், கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார். 'நீ சொல்லு' என்கிற பார்வை.

"என்ன சொல்கிறான்? ஏன் வேண்டாமாம்?" என்று ஆபீஸரும் என்னைத்தான் கேட்டார்.

கோட்டுப் போட்ட மனிதரிடம் இதை என்ன வார்த்தை போட்டுச் சொல்வது? சொன்னால் அசிங்கமாகப் பேசுகிறான் என்பாரோ? ஆசைப்பட்டதைக் கெடுத்தான் என்று நாளைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ? இப்படி ஆயிரம் யோசனை அரை நிமிஷத்துக்குள் ஓடியது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒண்ணுமில்லீங்க. சும்மா பயப்படுறான்."

நாலு கூலியாட்களும் குச்சைத் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர்களுக்கும் தெரியும், ஒருவரும் பேசவில்லை. வண்டி பாதை திரும்பும்போது ஊருணிப் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பெண்ணை அழைத்து வருகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பொட்டலில் அதை நட்டநடுவில் நிறுத்தினார்கள். 'கூட்டத் தலைவன் வீடு' என்று எழுதச் சொன்னார் ஆபீஸர். எழுதினேன். நான் எழுதிய அட்டைகளிலேயே அதுதான் அழகாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

காட்சி தொடங்கியது. ஆண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பெண்கள்தான் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தில் ஒருத்தி, "ஏன்டி, இது குச்சு மாதிரியில்ல இருக்கு?" என்றாள்.

"தலைவன் வீடுன்னு எழுதியிருக்காம்ல."

"அப்பத் தலைவன் சமஞ்சிட்டான் போலருக்கு! மாமன் சீரு வந்துச்சான்னு கேளு!"

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆபீஸர் காதில் இது விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போதும் என் கவலை. அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ என்று ஒரு நினைப்பு இடையில் வரும், அதைத் தள்ளிவிடுவேன். சாயங்காலங்களில் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் அந்தத் தகப்பனார் வந்தார். கையில் அந்த வேட்டி ஜோடி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தொடவேயில்லீங்கய்யா, அப்பிடியே இருக்கு. இத வச்சுக்கிட்டு அதக் குடுத்துருங்க. புள்ள இன்னும் வெளியதான் இருக்கா, புளியமரத்தடியில சாக்கப் போத்திக்கிட்டு. எரிக்காம எப்பிடி உள்ள விடுறது? அவ ஆத்தா மாட்டேங்குறா."

"வேற ஒண்ணு கட்டி எரிச்சா ஆகாதா?" என்று கேட்டேன். விடை எனக்கே தெரியும்.

"உக்காந்தது ஒண்ணு, எரியிறது ஒண்ணாங்க? முழுசாக் குடுக்காட்டியும் போகுது. ஒரு கைப்பிடி எலை குடுங்க. அதப் புதுசுல சொருகி எரிச்சிருவோம்னு எங்கக்கா சொல்லுது."

ஒரு கைப்பிடி இலை. நான் எடுத்துக் கொடுத்திருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் ஆபீஸர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு வா" என்றேன். மறுநாள் அத்தனை தூரம் நடந்து மறுபடி வந்தார். அன்றைக்கு ஆபீஸர் ஊரிலேயே இல்லை. ஆனாலும் எடுத்துக் கொடுத்தது பிறகு தெரிந்துவிட்டால்? "நாளைக்கு வா" என்றேன்.

மூன்றாம் தரம் வந்தபோது அவர் என்னிடம் கேட்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்து, குச்சுக்குப் பின்பக்கம் போய், கையை விட்டு ஒரு கொத்துத் தழையை உருவினார். நான் பார்த்துவிட்டேன். பார்த்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் மூடியிருக்க வேண்டிய அந்த ஒரு தடவை வாய் திறந்துகொண்டது. "ஏய்! கை வைக்காதே!" என்று கத்திவிட்டேன்.

காவற்காரன் ஓடிவந்து அவர் கையை முறுக்கிப் பிடித்தான். "என்னய்யா திருடுற? எலையவா? ஊருல எலைக்கா பஞ்சம்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் உருவிய தழையை இருந்த இடத்திலேயே சொருகப் பார்த்தார். ஒரு கையால் அது நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு ஆபீஸர் வந்தார். "என்னப்பா இது? எதற்கு இந்த இலை?" என்று அவரையே கேட்டார். அவர் அன்றைக்குப் போலவே தலையைக் குனிந்துகொண்டு, "இவுகளுக்குத் தெரியுங்க எசமான்" என்று என்னைக் காட்டினார்.

இனி மறைக்க இடமில்லை. ஆபீஸரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், தரையைப் பார்த்தபடி சொன்னேன். குச்சு என்றால் என்ன, ஏன் எரிக்க வேண்டும், பெண் எங்கே இருக்கிறாள், எல்லாவற்றையும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்கள் வீடுகளில் ஒரு மூலையில் உட்கார வைப்பதோடு சரி, குடிசை கட்டுகிற வழக்கமில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே சொல்லியிருந்தால் தொட்டே இருக்க மாட்டேனே. இந்தப் பக்கத்துக்காரன் என்றுதானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. திட்டுவார், வேலையிலிருந்து நீக்குவார் என்று என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தேன். அவர் நீக்கவுமில்லை. "வண்டி கட்டு. உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா. நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்" என்றார். அவ்வளவுதான். இதற்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். தகப்பனார் வழியெல்லாம் குச்சின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே வண்டியோடு நடந்து வந்தார். ஏறி உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். குடியிருப்பில் அவருடைய அக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"வாங்க, வீடு தூக்கி அய்யா! இங்கிட்டு இன்னும் ஏழெட்டு வீடு கெடக்கு. எதுல ஆரம்பிக்கிறீக?"

நான் ஆபீஸர் சொன்னதைச் சொன்னேன். "அவுக தெரியாமச் செஞ்சாக. சரி, நீங்க?" என்றாள்.

புளியமரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். இருமிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் குச்சை இறக்கி மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். தீ வைக்கப் போகும்போதுதான் வாசலில் அட்டை தொங்குவதை அக்காள்காரி பார்த்தாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு? படிங்க, கேப்போம்."

படிக்காமல் ஏதாவது சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. எத்தனை பட்டாலும் புத்தி அங்கேதான் போகிறது. என்றாலும் படித்தேன். "கூட்டத் தலைவன் வீடு."

அக்காள்காரிதான் முதலில் சிரித்தாள். "அப்ப எங்க புள்ளதான் தலைவன்! ஏய் தலைவரே, எந்திரிங்க, தீ வைக்கணும்!" சாக்குக்குள்ளிருந்து அந்தப் பெண்ணும் சிரித்தாள், இருமலும் சிரிப்புமாக. தகப்பனாரும் சிரித்தார். நான் அட்டையை அவிழ்த்துக்கொண்டு வண்டிப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

தழை நனைந்திருந்தது, தீ பிடிக்க நேரமாயிற்று. புகை எல்லோர் கண்ணிலும் ஏறியது. எரிந்து முடிந்ததும் ஆத்தாகாரி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தகப்பனார் அந்த வேட்டி ஜோடியை வண்டியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "இருட்டுறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றார்.

மறுநாள் ஆபீஸர் கேட்டார். "கோபித்துக்கொண்டார்களா?"

"இல்லீங்க. சிரிச்சாக."

"சிரித்தார்களா? அப்பாடா" என்று அவர் நிம்மதியாகப் போய்விட்டார். காலியாகக் கிடந்த நடு இடத்தில் வேறு குடிசை கட்ட ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய அட்டையையே மாட்டலாமா என்று ஒருவன் வந்து கேட்டான். வேண்டாம், நான் வேறு எழுதுகிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு எழுத்தும் நேராக வரவில்லை.