வயலைப் பார்த்த ஒலிபெருக்கி

முரசுமோட்டையில் என் தங்கையின் கலியாணத்துக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவரின் பெயரை நான் கேட்கவேயில்லை. மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துவாய். அவருடைய பழைய அம்பிளிபையரை மாட்டு வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கார் பற்றரியைக் கொழுவியதும், உள்ளேயிருந்த கண்ணாடி வால்வுகள் சூடாகும்வரை அந்த இரும்புப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி அசையாமல் நின்றார்.

அவர் கட்டிய ஒரே ஒலிபெருக்கியின் வாய் வயல் பக்கம் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தது.

"சனம் இஞ்சையெல்லோ இருக்குது. இஞ்சாலை திருப்புங்கோ."

"பந்தலுக்கை இருக்கிறவைக்கு எல்லாம் நேரை கேக்கும், தம்பி. யானைக் காவலுக்கு வயலுக்கை கிடக்கிறவைக்கு ஆர் சொல்லுறது?"

"இப்ப பாரமில்லாத புதுப் பெட்டியள் வந்திட்டுதே. ஒண்டை வாங்கலாம்தானே?"

"மலிவெண்டுதான் இதைப் பழசா வாங்கினனான். இவ்வளவு காலம் வண்டியிலை குலுங்கியும் ஒருநாளும் என்னைக் கைவிடேல்லை. கடைசி வரம்பு வரைக்கும் சத்தம் போகுது. பிறகேன் மாத்துவான்?"

பொழுதுபட்டுத் தாலி கட்டி முடிந்ததும் அவரே மைக்கைப் பிடித்தார். "காவலிலை இருக்கிறவை கேளுங்கோ. தாலி கட்டியாச்சு. உங்களுக்கும் சோறு எடுத்து வைச்சிருக்கினம். ஆள்மாறி ஆள் வாங்கோ."

அப்படி யாரும் எடுத்து வைக்கவில்லை. சோறு எடுத்து வைக்கச் சொல்ல நான் குசினிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வரம்புகள் வழியே லாந்தர்கள் பந்தலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தன. எங்கள் சோற்றுக்கு எங்களைக் கேட்காமலே ஊரை அழைத்தவர், பெட்டிமேல் கையை வைத்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.