வெள்ளியில் வீசிய காற்று

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் அகதி முகாமில் காத்துக் கிடந்து, குன்னூருக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நாங்கள் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கொழுந்து பறிக்கப் போவேன். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷினில் வேலை. அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் அவர் உயிராக வைத்திருந்தது ஒரு ரேடியோ. சாயங்காலமானால் ரஷ்யாவிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பைத் திருப்பிவிடுவார். இலங்கையில் இருந்தபோது அவரும் அவருடைய தங்கை புருஷனும் சேர்ந்து பிடித்த பழக்கம் அது.

தங்கை குடும்பத்துக்கு இந்தியா வருவதற்கான பாஸ்போர்ட் அப்போது கிடைக்கவில்லை. நாங்கள் வந்த பிறகு அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், ரேடியோவைக் கையில் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டார்.

"ஏய், கேட்டியா? ரஷ்யாக்காரன் வெள்ளியில கருவிய எறக்கிட்டானாம். கலர்ல படம் புடிச்சிருக்கான். அங்க காத்து வீசுற சத்தத்தயும் புடிச்சு அனுப்பியிருக்காம்!"

"எந்த வெள்ளி?"

"விடியக்காலம் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறப்ப மலைக்கு மேல நிக்குதே, அதுதான்."

அடுப்பைவிடப் பலமடங்கு சூடாம் அந்த இடம். இரண்டு மணி நேரம் தாங்கிவிட்டுக் கருவி அடங்கிப்போனதாம். "பாவம், அதுக்குள்ள எவ்வளவு வேல செஞ்சிருக்கு" என்றார், கூட வேலை செய்த ஆளைச் சொல்வதுபோல. அந்தச் சத்தத்தை எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கள் என்று அன்றைக்கே நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். நான் சிரித்தேன்.

ஆனால் பதில் வந்தது. உறைக்குள் ஒரு பத்திரிகை, எந்த நாள் ஒலிபரப்பு என்று ஒரு துண்டுச் சீட்டு. பத்திரிகையில் அந்தப் படம். ஆரஞ்சு நிறத்தில் தட்டைத் தட்டையாகப் பாறைகள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீக்கடைக்காரர் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம கல்லு ஒடைக்கிற குழியாட்டவே இருக்குதுங்களே!"

அந்த நாளில், வரிசை வீடுகளான எங்கள் லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அறிவிப்பாளர் இவருடைய பெயரையும் எஸ்டேட்டையும் நீலகிரி மாவட்டத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு 'உஸ்' என்று ஓர் இரைச்சல்.

"இது நம்ம ரேடியோ எப்பவும் போடுற சத்தந்தானே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. மெஷின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டதால், நல்ல காதை ரேடியோவோடு ஒட்டி வைத்திருந்தார். "நல்லா கேளுங்க. உள்ளுக்குள்ள மெதுவா வீசுது." என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லையென்பது? "கேக்குதுங்க" என்றேன்.

சில வாரம் கழித்து இலங்கை முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. தங்கை எழுதியிருந்தாள். "அண்ணே, இவரு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. உங்க பேரச் சொன்னதும் கத்தின கத்துல புள்ளைங்க பயந்து அழுதுருச்சுங்க. வெள்ளிக் காத்து எங்களுக்கு வெளங்கல. நீங்க இருக்கிற எடம் வெளங்கிருச்சு."

இவர் என்னை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதார்.

மறுவருடம் அவர்களுக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. குன்னூர் ஸ்டேஷனில் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கிய தங்கையின் சின்ன மகளுக்கு இவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டினார். அது அவள் கால்வரை தொங்கியது. அன்று எங்கள் ஒற்றை அறையில் இரண்டு குடும்பமும் படுத்தோம். இடம் போதாமல் நான் அடுப்போரம் முடங்கிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் தூங்கியதில்லை.